பவளத் தொட்டிக்குப் புது மீன்: எது எதோடு ஒத்துப்போகும்?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு மீன் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது ரீஃப் சேஃபா?", அதாவது பவளத்தைக் கெடுக்காத மீனா, என்றுதான். கடைக்காரர் ஆமாம் என்பார். அதில் பொய் இருக்காது. ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி வாங்கிய மீன், அடுத்த வாரமே பக்கத்து மீனின் துடுப்பைக் கிழித்து வைத்திருக்கும். இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக இறாலைத் தின்றிருக்கும். பவளத்தை மட்டும் தொட்டிருக்காது.

உண்மையில் கேட்க வேண்டியவை மூன்று. இந்த மீன் பவளத்தைக் கடிக்குமா? இறால், நத்தை, நண்டு போன்றவற்றைத் தின்னுமா? ஏற்கெனவே இருக்கும் மீன்களோடு சண்டை போடுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது: எந்த வரிசையில் உள்ளே விடப் போகிறோம்? என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவதும் இங்கேதான்.

வாயைப் பார்த்துத் தொடங்கலாம்

மிக்ஸ்டு ரீஃப் என்றால் சாஃப்ட் கோரல், சதைப்பற்றான எல்.பி.எஸ். (பவளத்தின் சிற்றுயிரான பாலிப் பெரிதாக உள்ள கல் பவளம்), கல் கிளைகளாக வளரும் எஸ்.பி.எஸ். (பாலிப் சிறிதாக உள்ளது) என மூன்று வகைப் பவளங்களும் ஒரே தொட்டியில் இருப்பது. அதனால் மீனுக்குக் கடிக்கக் கிடைக்கும் பொருள்களும் பல. எஸ்.பி.எஸ். மட்டும் உள்ள தொட்டியில் சாதுவாக இருந்த மீன், சதை விரித்து நிற்கும் எல்.பி.எஸ். ஒன்றைப் பார்த்ததும் மாறிவிடலாம்.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் பலவற்றுக்குக் கடலில் பவளப் பாலிப்பே சாப்பாடு. அழகைப் பார்த்து மயங்கக் கூடாத கூட்டம் இது. காப்பர்பேண்ட் மட்டும் விதிவிலக்காக அடிக்கடி பேசப்படும்; தொட்டியில் தொல்லையாகப் பெருகும் ஐப்டேசியா என்னும் சின்னக் கடல் சாமந்தியைத் தின்னும் என்பதற்காக வாங்குவார்கள். தின்னவும் கூடும். ஆனால் விசிறிப் புழுக்களையும் சேர்த்துத் தின்றுவிடும். தவிர, வந்த நாளிலிருந்து வாயே திறக்காமல் பட்டினி கிடந்து சாகும் காப்பர்பேண்ட்கள் ஏராளம். முதல் வருஷத்தில் வாங்க வேண்டிய மீன் இல்லை.

பெரிய ஏஞ்சல் மீன்களை யோசிக்கவே வேண்டாம். குழப்பம் குட்டி ஏஞ்சல்களில்தான் வருகிறது: ஃப்ளேம் ஏஞ்சல், கோரல் பியூட்டி மாதிரியானவை. இவை இயல்பில் பாசியை மேய்பவை. ஒரே வகையில் ஒரு மீன் வருஷக்கணக்கில் பவளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இன்னொன்று இரண்டாம் வாரமே எல்.பி.எஸ். சதையையும் ராட்சதச் சிப்பியின் விளிம்பையும் கொத்தத் தொடங்கும். எது எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. நன்றாகத் தீனி போட்டால் வாய்ப்பு குறையும், ஆனால் இல்லாமல் போகாது. தொட்டியில் நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் எல்.பி.எஸ். துண்டுகளோ சிப்பியோ இருந்தால் குட்டி ஏஞ்சல் வேண்டாம் என்பேன். சாஃப்ட் கோரலும் காளான் பவளமும்தான் பெரும்பகுதி என்றால் துணிந்து பார்க்கலாம்.

இறால் பக்கம் வந்தால் பட்டியல் வேறு மாதிரி ஆகிவிடும். லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடவே தொடாது. ஆனால் அதன் வாய்க்குள் அடங்கும் எதுவும் உயிரோடு இருக்காது. கோபி, ஃபயர்ஃபிஷ் போன்ற சின்ன மீன்கள், சுத்தம் செய்யும் இறால் எல்லாம் அதற்குத் தீனி. ஃப்ளேம் ஹாக்ஃபிஷ் பவளத்தின் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், கடிக்காது. சின்ன இறாலைக் கண்டால் விடாது. ட்ரிகர், பஃபர் இரண்டுக்கும் நத்தை ஓட்டையே உடைக்கும் பல் உண்டு. ட்ரிகரில் புளூஜா மாதிரி நீரில் மிதப்பதைத் தின்னும் சில வகைகள் கொஞ்சம் பரவாயில்லை.

தலைகீழாகவும் ஒன்றை யோசிக்க வேண்டும். தொட்டியில் இருப்பது மீனைத் தின்னுமா? கம்பள அனிமனி என்னும் கடல் சாமந்தி, தன் மேல் தவறி விழும் மீனைப் பிடித்து விழுங்கிவிடும். அடி மணலில் ஓடும் கோபிகளும் இரவில் பயந்து பாயும் ஃபயர்ஃபிஷ்களும் இதற்குப் பலியாவது உண்டு. கடல் குதிரைக்கு மிக்ஸ்டு ரீஃப் சரிப்பட்டே வராது. வாலால் எதையாவது சுற்றிப் பிடித்து நிற்கும் பிராணி அது, பிடித்த பவளம் கொட்டும் வகையாக இருந்தால் புண்ணாகும். சுறுசுறுப்பான மீன்களோடு போட்டி போட்டு அதனால் தின்னவும் முடியாது.

சண்டை யாரோடு வரும்?

மீன் எதிரியைப் பார்த்து அடிப்பதைவிடப் போட்டியாளரைப் பார்த்து அடிப்பதுதான் அதிகம். அதே தீனி, அதே பொந்து, அதே உடல்வாகு, அதே நிறம் — இவற்றில் எது ஒத்துப்போனாலும் சண்டைக்குக் காரணம் கிடைத்துவிடும். இந்த ஒரு விதி புரிந்தால் பாதிப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ராயல் கிராமாவையும் ராயல் டாட்டிபேக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். கிராமாவின் ஊர் கரீபியன் கடல். டாட்டிபேக் மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்தது. கடலில் ஒன்றையொன்று பார்க்கவே வாய்ப்பில்லை. ஒரே தொட்டியில் போட்டாலோ, தன் இனத்து எதிராளி தன் பொந்துக்கு வந்துவிட்டதாகவே நினைத்து மோதிக்கொள்ளும். டாட்டிபேக்தான் முரடு, அதனால் கிராமாதான் தோற்கும்.

டேங் (tang) மீன்களில் இந்த விதி இன்னும் பளிச்சென்று தெரியும். மஞ்சள் டேங்கும் ஊதா டேங்கும் தட்டு மாதிரி ஒரே வடிவம், ஒரே பேரினம், சேர்ந்தால் சண்டை. மஞ்சள் டேங்கோடு கோல் டேங் அல்லது டோமினி டேங் என்றால் வாய் அமைப்பும் உடல்வாகும் வேறு என்பதால் பெரிய தொட்டியில் ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். வாலடியில் இவற்றுக்குக் கத்தி போன்ற முள் இருக்கிறது. சும்மா துரத்துவதாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் புதியதன் பக்கவாட்டில் நீளமாக வெட்டு விழுந்திருக்கும்.

ஒரே இனத்தில் ஒன்றுக்கு மேல் வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் இனத்துக்கு இனம் மாறும். கோமாளி மீன்கள் ஜோடியாக வாழும். இளசுகள் முதலில் ஆணாக முதிரும். கூட்டத்தில் பெரியதும் வலியதுமான ஒன்று பெண்ணாக மாறும், பிறகு திரும்ப ஆணாகாது. ஆகவே சின்ன வயசுக் கோமாளிகள் இரண்டை, ஒன்று கொஞ்சம் பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் பார்த்து, ஒரே நாளில் வாங்கினால் தானாகவே ஜோடி ஆகிவிடும். வளர்ந்து பெண்ணாகிவிட்ட இரண்டைச் சேர்த்தால் கொலையில்தான் முடியும். மூன்றாவது கோமாளி வேண்டவே வேண்டாம். வகையும் கவனிக்கணும்: ஒசெல்லாரிஸ், பெர்குலா இரண்டும் சாது, மெரூன் கோமாளி அதே குடும்பத்தின் ரவுடி.

ஆந்தியாஸ் இதற்கு நேரெதிர். எல்லாம் பெண்ணாகத் தொடங்கும், தலைமை வகிப்பது ஆணாக மாறும். ஓர் ஆணும் சில பெண்களும் என்று கூட்டமாக, பெரிய தொட்டியில் வைக்கலாம். ஒரு நாளைக்குப் பல வேளை தீனி போட முடியாதவர்களுக்கு அது ஆகாது.

பச்சைக் குரோமிஸைக் கூட்டமாக நீந்தும் என்று சொல்லியே விற்பார்கள். கடலில் உண்மைதான். தொட்டியில் ஏழெட்டு விட்டால், மாதம் போகப் போக வலியது மெலியதை அடித்து, ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சுவது ஊரறிந்த கதை. பாங்காய் கார்டினலும் அப்படியே: குட்டிகளாக ஐந்து வாங்கினால் ஒற்றுமையாக இருக்கும், முதிர்ந்ததும் ஒரு ஜோடி சேர்ந்து மற்றவற்றை விரட்டும். ஒன்றே ஒன்று, அல்லது ஏற்கெனவே சேர்ந்த ஜோடி என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளையொட்டி மட்டுமே இயற்கையாக வாழும், அழியும் ஆபத்தில் இருக்கும் மீன் இது. தொட்டியில் பிறந்த குஞ்சுகளே கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்கக் காரணமே இல்லை.

வளர்ந்தால் எவ்வளவு? எங்கே இருக்கும்?

நீல டேங் கடையில் மூன்று விரல் அகலம்கூட இருக்காது. வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். மஞ்சள் டேங் 20 வரை போகும், டோமினி 15 பக்கம் நின்றுவிடும். டேங் வகைகளுக்குத் தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதே முக்கியம்; நாளெல்லாம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நீந்துபவை அவை. நான்கு அடித் தொட்டியில் டோமினி போதும். நீல டேங்குக்கு ஆறடியாவது இருந்தால்தான் பேச்சு. "இப்போது சின்னது, வளர்ந்ததும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லி வாங்குபவர்களில் எத்தனை பேர் பெரிய தொட்டி வாங்கினார்கள் என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடலாம்.

இடத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதும் உதவும். மணல் தரையில் வாட்ச்மேன் கோபி, அதோடு ஒரே வளையில் குடியிருக்கும் பிஸ்டல் இறால். பாறைப் பொந்தில் கிராமா அல்லது ஒரு பிளென்னி. நடு நீரில் ஃபேரி ராஸ். இப்படி ஆளுக்கொரு மாடி ஒதுக்கினால் ஒரே தளத்தில் நெரிசல் இருக்காது. புல்வெட்டி பிளென்னி பாறையில் பாசி மேய்வது. இன்னொரு பாசி மேயும் பிளென்னியைப் பக்கத்தில் விடாது.

தீனி வேகமும் ஒத்துப்போக வேண்டும். மேண்டரின் மீன் நாள் முழுக்கப் பாறையில் கோபிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிர்களைப் பொறுக்கித் தின்பது. நாம் போடும் தீனியைப் பல மேண்டரின்கள் தொடவே தொடாது. ஆறுகோட்டு ராஸும் அதே இரையைத்தான் தேடும், அதுவும் பல மடங்கு வேகமாக. சின்னத் தொட்டியில் இரண்டையும் சேர்த்தால் சண்டையே இல்லாமல் ஒன்று மெலிந்து சாகும்.

வரிசைதான் விஷயம்

சரி, மீன்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இப்போது கடைசி மீனிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். தொட்டியில் முன்னதாகக் குடியேறிய மீன், இடத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவதை அது எதிர்க்கும். அதனால் கூச்ச சுபாவம் உள்ளவை முதலில், முரடு கடைசியில். எந்த மீன் கடைசியாக வரப்போகிறது என்பது முதல் மீன் வாங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

ஒரு நான்கடித் தொட்டியை வைத்துப் பார்க்கலாம், சுமார் 300 லிட்டர். முதலில் ஒரு ஃபயர்ஃபிஷும் வாட்ச்மேன் கோபியும். இரண்டுமே பயந்தாங்கொள்ளிகள், காலியான தொட்டியில் பயமில்லாமல் பொந்து பார்த்துக்கொள்ளும். சில வாரம் கழித்து ஒரு பாங்காய் கார்டினல். அப்புறம் கோமாளி ஜோடி. அதன் பிறகு கிராமா, அடுத்து ஃபேரி ராஸ். எல்லாவற்றுக்கும் பிறகு டோமினி டேங். இதே எட்டு மீன்களை நேர் தலைகீழாக விட்டுப் பாருங்கள்: டேங் தொட்டி முழுவதும் தனதென்று நினைக்கும், கிராமா பாறையை எடுத்துக்கொள்ளும், கடைசியாக வந்த ஃபயர்ஃபிஷ் மேல் மூலையில் ஒதுங்கி நின்று நாலாம் நாள் வெளியே குதித்திருக்கும். பட்டியலில் ஒரு பெயர்கூட மாறவில்லை.

இடைவெளி விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா, இருக்கும் மீன்களின் அளவுக்குத்தான் பெருகியிருக்கும். ஒரே நாளில் ஐந்து மீன் விட்டால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. தடவைக்கு ஒன்று அல்லது ஒரு ஜோடி, பிறகு இரண்டு மூன்று வாரமாவது காத்திருப்பது.

இந்த வரிசையைக் கெடுப்பதில் முதலிடம் டேம்சல்களுக்கு. விலை குறைவு, நிறம் அருமை, சாகாது என்று தொடக்கத்திலேயே வாங்கிவிடுவார்கள். கடைசியில் விட வேண்டியது முதலில் வந்தாயிற்று. அடுத்து வரும் ஒவ்வொரு மீனும் அதனிடம் அடி வாங்கும். டாமினோ டேம்சல் குட்டியாக இருக்கும்போது கறுப்பில் வெள்ளைப் பொட்டோடு பொம்மை மாதிரி இருக்கும். பெரிதானால் உங்கள் கையையே கொத்தும். ஆறுகோட்டு ராஸும் இதே ரகம்: பூச்சிகளைத் தின்னும் என்று சீக்கிரமே வாங்குவார்கள், அப்புறம் எந்த ராஸும் அந்தத் தொட்டியில் நுழைய முடியாது.

விதிவிலக்கு மேண்டரின். சாது என்பதால் முதலில் விடலாமே என்று தோன்றும். கூடாது. கோபிபாட் பெருகிப் பழகிய தொட்டி வேண்டும் என்பதால் அது கடைசிக் கட்டத்தில்தான் வர வேண்டும். உடலில் கசப்பும் நாற்றமும் உள்ள சளிப் பூச்சு இருப்பதால் மற்ற மீன்கள் பெரும்பாலும் அதைச் சீண்டுவதில்லை.

ஏற்கெனவே ஒரு ரவுடி உள்ளே இருந்தால்? புதியதைத் துளையிட்ட ஒளி ஊடுருவும் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடலாம். பழையது பார்க்கும், முட்டும், அலுத்துவிடும். ஒரு வாரம் ஆகியும் பெட்டியையே முட்டிக்கொண்டிருந்தால் அந்த ஜோடி சேராது என்று எடுத்துக்கொள்ளலாம். டேங்குகளுக்குக் கண்ணாடி வைத்தியம் நன்றாக வேலை செய்யும்: தொட்டியின் வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் பழைய டேங் தன் பிம்பத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கும், புதியது அதற்குள் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிடும். முரடையே பிடித்துப் பத்து நாள் வேறு தொட்டியில் வைத்து, மற்றவை பழகிய பிறகு திரும்ப விடுவதும் பலன் தரும். அப்போது அதுதான் புதியது. பாறையை மாற்றியடுக்குவது பழைய எல்லைகளைக் கலைக்கும் என்பது உண்மை. ஆனால் பவளம் ஒட்டி வளர்ந்துவிட்ட தொட்டியில் எத்தனை பாறையை அசைக்க முடியும்?

நேராகத் தொட்டிக்குள் வேண்டாம்

கடையில் மீன் தின்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, உடலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி இல்லையென்றாலும் நோய் இல்லையென்று ஆகாது.

வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாள்தான் இருக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவந்து மறுபடி மீனைத் தேடும். அதைக் கொல்லும் தாமிர மருந்து இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். ஆகவே பவளத் தொட்டிக்குள் நோய் வந்துவிட்டால் அங்கே வைத்து மருந்து போட முடியாது. எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுக்க வேண்டும், பிறகு தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் காலியாக விடுவது வளர்ப்பவர்களிடையே வழக்கம். பாறை நிறைந்த தொட்டியில் ஒரு மீனைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு குழாய்த் துண்டு — இந்தத் தனிமைத் தொட்டியில் புது மீனை நாலிலிருந்து ஆறு வாரம் வைத்துக் கவனித்தால் அந்த வேலை மிச்சம். மீன் நம் தீனிக்குப் பழகவும் அடிபடாமல் உடல் தேறவும் இந்த வாரங்கள்தான் கிடைக்கும். தேறிய மீன் சண்டையையும் தாங்கும்.

வெகுதூரம் பையில் வந்த மீனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பழக்குவது நல்லதல்ல. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரின் பி.எச்.சைக் குறைத்திருக்கும், அதனால் அம்மோனியா நஞ்சு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பை நீரின் உப்பளவை முன்கூட்டியே கேட்டுத் தனிமைத் தொட்டியில் அதே அளவு வைத்து, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிடுவது மேல். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் விளக்கை அணைத்துவிட்டு, மற்றவற்றுக்குத் தீனி போட்டு, அவை தின்றுகொண்டிருக்கும்போது புதியதை உள்ளே விடுங்கள். மேலே வலை மூடி கட்டாயம். ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி எல்லாம் குதிப்பவை. விளக்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விரல் இடைவெளியே அவற்றுக்குப் போதும். சில ராஸ்கள் மணலுக்குள் புதைந்து தூங்கும், வந்த புதிதில் இரண்டு மூன்று நாள் வெளியே தலைகாட்டாமலும் இருக்கும். செத்துவிட்டது என்று மணலைக் கிளற வேண்டாம்.

முதல் இரண்டு நாள் துரத்தல் இருக்கத்தான் செய்யும். துரத்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினால் கவலையில்லை. புதியதைத் தேடிப் போய் அடிப்பது, துடுப்பு கிழிவது, நீர்மட்டத்தை ஒட்டிய மூலையிலேயே நின்று தீனிக்கும் வராமல் இருப்பது — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பிரிக்க வேண்டும். வலையோடு துரத்தினால் பவளம்தான் உடையும். உள்ளே தீனி வைத்த பொறிப்பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒத்துப்போகாத மீனைக் கடலில் விட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். இந்தோ-பசிபிக் மீனான லயன்ஃபிஷ் 1985-இல் ஃப்ளோரிடாக் கரையோரம் முதலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே மூலம் என்பது பரவலான கருத்து. இன்றைக்கு அது கரீபியன் முழுவதும் பரவி, அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்றால், பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.